மைனஸ் பதினோரு துளி

அந்த அலுவலகத்தில் யாரும் லஞ்சம் வாங்குவதில்லை. அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. வாங்குகிறவர் ஒருத்தராவது இருந்திருந்தால் கண்ணாடிக்காரரின் காரியம் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி விற்பவர் அல்ல. வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஜன்னல் கண்ணாடி போடுகிறவர். அளவெடுப்பது, அறுப்பது, விளிம்பைத் தேய்ப்பது அவர் பாடு. பொருத்தும்போது மறுபக்கம் நின்று பிடித்துக்கொள்வதும், கொண்டுபோகும் வழியில் கண்ணாடி சாயாமல் பார்த்துக்கொள்வதும் அவர் மனைவியின் பாடு. பழைய கார் ஒன்று வைத்திருந்தார்கள். பின்சீட்டில் பாதியைக் கழற்றிவிட்டு, கம்பளி சுற்றிய ஒரு சட்டத்தில் கண்ணாடிகளைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். மீதிப் பாதியில் அந்த அம்மாள் உட்கார்ந்து, தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல ஒரு கையைக் கண்ணாடியின் மேல் வைத்துக்கொண்டே வருவார்.

வண்டியின் டயர்கள் ஒல்லி. திருப்பங்களில் வண்டி மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்துவிட்டு, நிமிரும். போன மழையில் ஒரு நாள் அது நிமிர்வதற்கு முன்பே கடைக்கண்ணாடி ஒன்று சட்டத்தைவிட்டு நழுவி அந்த அம்மாளின் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. ஒன்பது தையல். இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவில்லை.

தையல் பிரித்த அன்று அவர் சொன்னார். "என்னங்க, ஒண்ணு இந்த வண்டி ஆடாம இருக்கணும். இல்லன்னா கண்ணாடியோட நான் இதுல ஏற மாட்டேன். தனியாப் போய்க்குங்க."

இரண்டாம் தடவை எதையும் சொல்கிற பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. கண்ணாடிக்காரர் நேராக டிங்கரிடம் போனார்.

டிங்கர் வண்டியின் மூலையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். "அகல டயர் போட்டுட்டா பாறை மாதிரி நிக்கும்ணே. ஆனா ரெண்டு விரல் வெளிய நீட்டிக்கும். சேறு எல்லாம் பக்கத்துல வர்றவன் மூஞ்சில போய் உக்காரும். மட்கார்டை வெளிய இழுத்துக் குடுத்துட்டா சரியாயிடும்."

நாலு நாள் வேலை. மட்கார்டின் விளிம்பை அறுத்து, வளைவை உள்ளிருந்து சுத்தியால் தட்டித் தட்டி வெளியே கொண்டுவந்து, இடையில் இரண்டு விரல் அகலத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி தடவி, தேய்த்து, பெயின்ட் அடித்தார். கண்ணாடிக்காரரின் மனைவி வந்து, மடங்காத இரண்டு விரல்களால் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தார். எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் சவாரியில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூன்றாவது திருப்பத்தில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி," என்றார்.

கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் கண்ணாடிக்காரர் வாங்கிய பெரிய பாராட்டு அது.

அவர்கள் கிளம்பும்போது டிங்கர் ஒரு விஷயம் சொல்லியனுப்பியிருந்தார். மட்கார்டை மாற்றிய வண்டியை முப்பது நாளுக்குள் வாகன மாற்ற ஆய்வகத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பழைய ஒல்லி டயரையே மாட்டிக்கொள்ள வேண்டும். "ஒரு முத்திரை குத்துவாங்க, அவ்வளவுதான்ணே. நான் உள்ள போனதில்ல. போயிட்டு வந்தவங்களும் அதுக்கப்புறம் எங்கிட்ட சரியாப் பேசறதில்ல. என்ன கோவமோ தெரியல."

ஆய்வகத்தின் வாசலில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. ஒன்றின் மேல் 'சக்கரப் பிரிவு' என்றும், இன்னொன்றின் மேல் 'மண்தடுப்பான் பிரிவு' என்றும் எழுதியிருந்தது. கண்ணாடிக்காரர் சக்கரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை என்று நினைத்தார்.

சக்கர அதிகாரி வெளியே வந்து வண்டியைப் பார்த்தவுடன், கையிலிருந்த கோப்பு ஒன்றை உயர்த்தித் தன் கண்ணின் மேல்பாதியை மறைத்துக்கொண்டார்.

"வெயில் அடிக்குதா சார்?"

"மட்கார்டு தெரியுது. அது வேற பிரிவு. நான் பாத்தா அது தலையீடு. போன வருஷம் ஒருத்தர் தெரியாத்தனமா பாத்துட்டு இன்னும் விசாரணைல இருக்கார். மட்கார்டைக் கழட்டிட்டு வண்டியக் கொண்டாங்க."

கண்ணாடிக்காரர் அடுத்த ஜன்னலுக்குப் போனார். அங்கே இருந்த அம்மையார் விண்ணப்பத்தை வாசித்துவிட்டு 'மட்கார்டு' என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் அடித்து 'மண்தடுப்பான்' என்று திருத்தினார். பதினாலு இடம். பொறுமையாகத் திருத்தினார்.

"எங்ககிட்ட வரும்போது சக்கரம் இருக்கக் கூடாது," என்றார்.

"சக்கரம் இல்லாம வண்டி எப்படிங்க மேடம் வரும்?"

"அது சக்கரப் பிரிவுல கேக்க வேண்டிய கேள்வி. சக்கரம் இருந்தா, மண்தடுப்பான் ஏதோ வேலை பாக்கற மாதிரி ஒரு தோற்றம் வந்துடுது. அந்த ஏமாத்தெல்லாம் இங்க நடக்காது."

பழைய வண்டி என்பதால் நாலு மட்கார்டும் போல்ட்டில் நிற்பவை. டிங்கர் கழற்றிக் கொடுத்தார். ஒரு நாள் மட்கார்டு இல்லாமல் வண்டி போயிற்று. சக்கர அதிகாரி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'நான்கும் வட்டமாக உள்ளன' என்று பதிவேட்டில் எழுதினார். மறுவாரம் மட்கார்டுகளைத் திரும்ப மாட்டி, சக்கரங்களைக் கழற்றி, வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மண்தடுப்பான் அம்மையார் லாரியின் மேலேயே ஏறி நின்று பார்த்தார். கீழே வாளியில் இருந்த தண்ணீரை எடுத்து நாலு பக்கமும் தரையில் ஊற்றச் சொன்னார். வண்டியின் மேல் ஒரு சொட்டு படவில்லை.

"இதுவரைக்கும் நான் பாத்ததிலேயே நல்ல மண்தடுப்பான் இதுதான்," என்று மனதாரச் சொன்னார்.

வீட்டில் மனைவி கேட்டார். "அப்ப சக்கரமே இல்லாம ஓட்டிக்கச் சொல்றாங்களா?"

"இல்ல. இன்னும் ஒரே ஒரு சோதனை."

"எத்தன நாள் ஆச்சு?"

"பதினாறு."

அந்தப் பதினாறு நாளும் கண்ணாடிகள் சுவரில் சாய்ந்தபடி நின்றன. கண்ணாடிக்குச் சொல்லிவைத்தவர்கள் ஜன்னலில் அட்டை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிச் சோதனையின் பெயர் சேற்றுச் சோதனை. ஆய்வகத்தின் பின்னால் அதற்கென்று ஒரு முற்றமும், நடுவில் ஒரு சேற்றுக் குழியும் இருந்தன. வண்டி அந்தக் குழியில் இறங்கிக் கடந்து போக வேண்டும். பத்தடி தள்ளி 'சாட்சி' என்கிற பதவியில் இருப்பவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். அவர் சட்டையில் எத்தனை துளி சேறு விழுகிறது என்று எண்ணுவார்கள். மூன்று துளிக்குள் விழுந்தால் அனுமதி. கேட்டபோது கண்ணாடிக்காரருக்கு இது நியாயமாகத்தான் பட்டது. அந்த அலுவலகத்தில் அவர் கேட்ட முதல் புத்தியுள்ள ஏற்பாடு இது என்றுகூட நினைத்தார்.

பிறகு சாட்சி வந்து நின்றார்.

சட்டையில் வெள்ளை என்று சொல்ல ஒரு இடமும் இல்லை. அக்குளுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சேறு காய்ந்து, அதன் மேல் சேறு காய்ந்து, மரப்பட்டைபோல் இறுகியிருந்தது. அவர் நடந்தபோது சட்டை மடங்கவில்லை. தட்டுமுட்டுச் சாமான் நகர்வதுபோல் சத்தம் கேட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் வாசனை வந்தது. தேங்கிய குட்டையும் மனிதனின் வியர்வையும் இருபத்திரண்டு வருஷம் ஒரே அறையில் பூட்டிவைக்கப்பட்டால் வருகிற வாசனை. கண்ணாடிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"துவைக்கறதில்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற சேற்றுக் கண்காணிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது சட்டை இல்ல. ஆவணம். துவைச்சா ஆவணத்தை அழிச்ச குத்தம். இதுவரைக்கும் இங்க வந்த ஒவ்வொரு வண்டியும் அதுல இருக்கு."

"உங்களுக்கு அரிக்கலையாங்க?" கண்ணாடிக்காரர் சாட்சியையே கேட்டார்.

"பழகிடுச்சு சார்," என்றார் சாட்சி. நல்ல மனிதர். "வீட்டுக்குப் போய் வேற சட்டை போட்டாத்தான் அரிக்குது."

வண்டி இறங்குவதற்கு முன்னால் இருக்கிற துளிகளை எண்ண வேண்டும். இரண்டு எழுத்தர்கள் ஆளுக்கொரு ஊசியும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, ஒருத்தர் காலரிலிருந்து கீழாகவும், இன்னொருத்தர் விளிம்பிலிருந்து மேலாகவும் எண்ணிக்கொண்டு வந்தார்கள். தொப்புள் பக்கம் சந்தித்தார்கள். காலை முழுவதும் ஆயிற்று. நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு.

கண்ணாடிக்காரர் வண்டியைக் குழியில் இறக்கினார். அகல டயர்கள் சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறின. டிங்கரின் கைவேலை வீண்போகவில்லை. தெறித்த சேறெல்லாம் மட்கார்டுக்குள்ளேயே அடித்து, உள்ளேயே வழிந்து இறங்கிற்று. வெளியே ஒரு பொட்டு வரவில்லை. அவர் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தபோது சாட்சி பலமாக ஒரு தும்மல் போடுவது தெரிந்தது.

மறுபடியும் எண்ணினார்கள். சாயங்காலம் ஆயிற்று. நாலாயிரத்து முன்னூற்று ஐந்து.

கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தில் கழித்துப் பார்த்தார். திருப்பி வைத்துக் கழித்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"மைனஸ் பதினொண்ணு," என்றார். "உங்க வண்டி பதினோரு துளியை எடுத்துக்கிட்டுப் போயிருக்கு."

"சார், அவர் தும்மினாரு. காஞ்சது உதிர்ந்திருக்கும். அதோ பாருங்க, அவர் கால்கிட்டயே கிடக்குது."

கண்காணிப்பாளர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கீழ கிடக்கறது மண்ணு. சட்டைல இருக்கறதுதான் துளி. துளி குறைஞ்சிருக்கு. நீங்க வண்டியோட வந்தீங்க, குறைஞ்சது. ஏன் எடுத்தீங்கன்னு எழுத்துல விளக்கம் குடுங்க."

"நான் எடுக்கல சார்."

"அதையும் எழுதலாம். எடுத்த பதினோரு துளியையும் ஏன் எடுக்கலன்னு தனித்தனியா எழுதணும்."

பதினோரு பக்கம் எழுதினார். எழுதும்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மடங்காத விரல்களைத் தேய்த்துக்கொண்டே பார்த்தார். ஏழாவது பக்கத்தில் தன்னையறியாமல் 'மட்கார்டு' என்று எழுதியதைக் கண்ணாடிக்காரர் தாமே அடித்து 'மண்தடுப்பான்' என்று திருத்தினார். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் ஆய்வக இயக்குநரிடமிருந்து ஆள் வந்தது. கண்ணாடிக்காரர் பயந்துகொண்டே போனார். கூடத்தில் எல்லா அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாட்சிக்கு மட்டும் ஜன்னல் ஓரத்தில், தனியாக, எல்லோருக்கும் எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இயக்குநர் எழுந்து வந்து கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பேசினார்.

"நண்பர்களே, நம்ம ஆய்வகம் வந்ததுல இருந்து தெருவுல சேறு குறைஞ்சிருக்கான்னு வெளிய சில பேர் கேக்கறாங்க. இது நம்மளப் புரிஞ்சுக்காதவங்க கேக்கற கேள்வி. சேத்துக்கு எதிரியா இருக்கறவன் தெருவைக் கழுவுவான். நாம எதிரி இல்ல. நாம எண்ணுறவங்க. சேறு நின்னுட்டா இவ்வளவு பேரும் எங்க போறது? ரோடு போடற துறைகிட்ட நாம ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்ல. அவங்க அவங்க வேலையச் செய்யாம இருக்கறதாலதான் நாம நம்ம வேலையச் செய்ய முடியுது. இந்த ஒத்துழைப்பு தொடரணும்."

கைதட்டல்.

"இப்ப இந்த ஐயாவைப் பாருங்க. இவரு சேறு அடிக்கலங்கறது பெரிசில்ல. ஏற்கெனவே இருந்ததுல பதினோரு துளியைக் குறைச்சிருக்காரு. நம்ம வரலாத்துல இது முதல் தடவை. இவரைப் பாராட்டணும். அதே சமயம், இன்னும் நானூறு வண்டி இப்படி வந்தா அந்தச் சட்டை வெள்ளையாயிடும்ங்கறதையும் மறந்துடக் கூடாது. அதனால அனுமதியும் குடுத்து, இது பரவாம இருக்கறதுக்கு வழியும் பண்ணியிருக்கேன்."

மறுபடியும் கைதட்டல். கண்ணாடிக்காரரும் தட்டினார். அனுமதி என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டிருந்தது, மற்றது விழவில்லை.

மற்றது என்னவென்று முற்றத்துக்குத் திரும்பியபோது தெரிந்தது. ஒரு ஊழியர் தகடு வெட்டும் கத்திரியை வைத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மட்கார்டு முடிந்து நாலாவதில் இருந்தார். ஒவ்வொன்றிலும், டயருக்கு நேராக, ஒரு சாண் அகலத்துக்குத் துண்டு எடுத்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மாதிரி. அனுமதி குடுத்த மாற்றத்தோட மாதிரியைப் பத்திரப்படுத்தணும். வேலை எங்க நல்லா இருக்கோ அங்கதான் வெட்டணும். உங்க டிங்கர் நல்லாப் பண்ணியிருக்காரு. எங்க வெட்டறதுன்னே தெரியல."

"ஓட்டை போட்டுட்டா சேறு அடிக்குமே ஐயா."

"சோதனைதான் முடிஞ்சுடுச்சே. இனிமே அடிக்கறது, சோதனைக்கு அப்புறம் அடிக்கறது."

"அடைச்சுக்கலாமா?"

"தாராளமா. அது புது மாற்றம். முப்பது நாள் இருக்கு."

துண்டுகள் பத்திரமாக இருப்பதைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டுமென்று அவரைக் கீழே ஒரு கிடங்குக்கு அழைத்துப் போனார்கள். தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். அலமாரி முழுக்கத் தகட்டுத் துண்டுகள். சிவப்பு, நீலம், பச்சை, காதில் அடையாளம் கட்டிய ஆடுகள்போல ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. வெட்டின ஓரங்களில் எண்ணெய் தடவியிருந்தது. இறைச்சிக் கடையின் பின்கட்டில் நிற்பதுபோல் அவருக்கு இருந்தது.

"இந்த வண்டியெல்லாம் எங்க இருக்குங்க?"

"தெருவுலதான். எல்லாம் அனுமதி வாங்கின வண்டி." ஊழியர் ஒரு துண்டை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். "இத்தன வருஷத்துல ஒண்ணுகூடத் துருப்பிடிச்சதில்ல."

கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். அனுமதிப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். தடித்த காகிதம், நாலு முத்திரை. 'இவ்வாகனம் சேறு தெளிப்பதில்லை. மேலும், உள்ள சேற்றையும் பதினோரு துளி குறைக்கவல்லது' என்று எழுதியிருந்தது. அதை வாசித்தபோது வெட்கப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் முத்திரைகள் அழகாக இருந்தன. ஈரம் காயட்டும் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மனைவி வண்டியைச் சுற்றி வந்தார். ஓட்டையின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"மாதிரிக்கு எடுத்துக்கிட்டாங்க."

"ஆடுமா?"

"ஆடாது. டயர் அப்படியேதான் இருக்கு. பாரு, அனுமதி." பத்திரத்தை நீட்டினார்.

அந்த அம்மாள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "ஆடலன்னா சரி," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஒரு மாதமாக அட்டை வைத்து அடைத்திருந்த தையல் கடைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று போக வேண்டியிருந்தது. முந்தின நாள் மழை பெய்து தெரு முழுக்கக் குட்டைகள். முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம், கண்ணாடி அசையவில்லை. கண்ணாடிக்காரர் ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டார். மனைவி கையை மடியில்தான் வைத்திருந்தார்.

மூன்றாம் திருப்பத்தில், ஒரு வீட்டு வாசலில் தபால்காரர் நின்று கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். வண்டி குட்டையில் இறங்கியது. ஓட்டை வழியாகச் சேறு, குழாயைத் திறந்துவிட்டதுபோல் ஒரே கற்றையாகக் கிளம்பி, நெற்றியிலிருந்து இடுப்புவரை அவர் மேல் போய்ச் சேர்ந்தது. கையிலிருந்த கடிதங்களும் தப்பவில்லை, குட்டையில் விழுந்தன.

"யோவ், நில்லுய்யா. கண்ணு எங்க வச்சிருக்க?"

கண்ணாடிக்காரர் நிறுத்தினார். இறங்கி மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். ஆனால் கை கதவுக்குப் போகாமல் பத்திரத்துக்குப் போயிற்று. அதை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டியது.

தபால்காரர் கண் இமைகளிலிருந்து சேற்றை வழித்துவிட்டு வாசித்தார். முத்திரைகளை மதித்துப் பழகிய மனிதர். ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவதுக்கு வரும்போது முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. சேறு படாமல் ஓரமாகப் பிடித்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார். வாயோரத்தில் இருந்ததைத் துப்பினார். "நான் சேறுன்னு நெனச்சுட்டேன்."

"பரவால்ல," என்றார் கண்ணாடிக்காரர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே வண்டி வரும்போது கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி இறங்கியிருந்தார். கண்ணாடி துடைக்க வைத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு போய்த் தபால்காரரிடம் கொடுத்தார். குனிந்து, குட்டையில் கிடந்த கடிதங்களை மடங்காத விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து உதறினார்.

"ஏறும்மா, நேரமாச்சு," என்றார் கண்ணாடிக்காரர். "என்ன ஆச்சு? வண்டிதான் ஆடவே இல்லையே."

"வண்டி ஆடலங்க," என்றார் அவர், நிமிராமலே. "நீங்க போங்க. நான் நடந்து வந்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் வண்டியைக் கிளப்பினார். அடுத்த திருப்பத்தில் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில், யாரும் பிடிக்காமலேயே, ஆளுயரக் கண்ணாடி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.